பின்மண்டையைக் காட்டும் கண்ணாடி

கணினி விளையாட்டு செய்கிறவர்களுக்குப் பேய், பிசாசு, பறக்கும் பாம்பு எதைக் கண்டும் பயமில்லை. கண்ணாடியைக் கண்டால் மட்டும் காத தூரம் ஓடுவார்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை விளையாடும்போது கவனித்துப் பாருங்கள். குளியலறைக் கண்ணாடியில் எப்போதும் வெந்நீர் ஆவி படிந்திருக்கும். பாழடைந்த மாளிகையின் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கும். மற்ற இடங்களில் விரல் கனத்துக்குத் தூசி. அந்த உலகத்தில் துடைப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை போலும் என்று பரிதாபப்பட வேண்டாம். எல்லாம் செய்கிறவர்களின் சோம்பேறித்தனம். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் சாமர்த்தியம். கண்ணாடிக்குள் ஓர் அறை தெரிய வேண்டுமானால் அந்த அறையையே இன்னொரு முறை வரைய வேண்டும். கணினியோ ஏற்கெனவே ஒரு வினாடிக்குள் அறுபது முறை அறையை வரைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னோர் அறையை ஏற்றினால் படுத்துவிடும்.

இப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, ஒரு சின்ன நிறுவனத்தின் முதலாளி ஒரு முடிதிருத்தும் கடையையே விளையாட்டாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தார். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. கழுவிவிட்ட தரை. நாற்காலிக் கால்கள், தண்ணீர்க் குழாய், கத்தரிக்கோல் எல்லாம் மினுமினுக்கும் உலோகம். வேலியில் போகிற ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

முதலாளிக்கு அலுவலகத்தில் பெயர் 'பெரியவர்'. வயதால் வந்த பெயர் அல்ல, அவருக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது. கதவு நிலையில் தலை இடிக்காமல் அவர் உள்ளே வந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்த அன்றும் இடித்துக்கொண்டுதான் வந்தார். நெற்றியைத் தடவியபடியே நேராக ஒரு மேசைக்குப் போனார்.

"அக்கா, உங்களை நம்பித்தான் தலையாட்டிட்டு வந்திருக்கேன்."

அந்த அக்காவுக்குப் பெயர் 'பளபளா'. இருபது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பளபளப்பான எதுவும் பளபளப்பாகத் தெரிய வேண்டும். மழையில் நனைந்த சாலை, கார் முகப்பு, வாள், குதிரையின் கண்ணில் இருக்கும் ஈரம், எல்லாம் அவள் கைவண்ணம். வடிவத்தை ஓவியர்கள் செய்து கொடுப்பார்கள். அதன்மேல் வெளிச்சம் பட்டு எதிரில் இருப்பது எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு நிரல் எழுதுவது அவள். கோபக்காரி. தன் வேலையைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு புகழ்ந்தால் பொறுக்க மாட்டாள்.

விளையாட்டின் கதை எளிது. விளையாடுகிறவர்தான் முடிதிருத்துகிறவர். ஒருவர் வந்து உட்காருவார், எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்வார், வெட்ட வேண்டும். பளபளாவுக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். எந்தக் கடையிலும் முடி வெட்டி முடித்ததும் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து நம் பின்னால் பிடித்துக் காட்டுவார்கள் அல்லவா? எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் அந்தக் கைக்கண்ணாடி தெரியும், அதற்குள் நம் பின்மண்டை தெரியும். நாமும் ஏதோ புரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வருவோம். விளையாட்டில் அந்த நேரத்தில் பார்வை இடம் மாறும். இவ்வளவு நேரம் வெட்டிக்கொண்டிருந்தவர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணால் பார்ப்பார். தான் செய்த வேலையைத் தானே வாடிக்கையாளராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். திருப்தியில்லை என்றால் எழுந்து போய்த் திருத்தலாம்.

"கண்ணாடிக்குள்ள கண்ணாடியா?" என்றார் பெரியவர். "அறையை மூணு தடவை வரையணுமேக்கா. மெஷின் செத்துரும்."

"சாகாது. நான் பாத்துக்கறேன்."

"சாதாரண மெஷின்ல ஓடணும். வீட்டுல வெச்சு விளையாடறவங்க எல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைங்க இல்ல."

"அதான் பாத்துக்கறேன்னு சொல்றேனே."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விளையாட்டும் வெளியே போகுமுன் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் ஒரு நாள் வந்து விளையாடிப் பார்ப்பார்கள்; அதற்குக் குடும்ப நாள் என்று பெயர். அன்று செய்தவர்களுக்கு வாய்ப்பூட்டு. 'அந்தப் பொத்தானை அழுத்து' என்றுகூடச் சொல்லக் கூடாது. கடையில் வாங்குகிறவன் பக்கத்தில் நாம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டா இருக்கப் போகிறோம்?

"குடும்ப நாள் அன்னிக்கு வைப்போம்," என்றார் பெரியவர். "வர்றவங்க தடுமாறாம விளையாடிட்டா கண்ணாடி இருக்கட்டும். தடுமாறினா வருத்தப்படாதீங்கக்கா, எல்லாக் கண்ணாடியிலும் ஆவியைப் போட்டு மூடிருவேன்."

முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் ஆவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு ஒரு கூத்து. பதினாறு வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். பள்ளித் தோழி ஒருத்தி, 'உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்க?' என்று கேட்டிருக்கிறாள். இவளுக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. 'தரையெல்லாம் பளபளன்னு தெரியற மாதிரி செய்வாங்க' என்று சொல்லிவைத்திருக்கிறாள். தோழி தங்கமான பெண். மறுநாள் வந்து, 'எங்க குடியிருப்புல தரை துடைக்க ஆள் கேக்கறாங்க, உங்கம்மாகிட்ட சொல்லேன்' என்றிருக்கிறாள்.

கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறினார்.

"தரை துடைக்கறது ஒண்ணும் கேவலம் இல்லடி," என்றாள் பளபளா.

"அது எனக்கும் தெரியும்மா. ஆனா நீ செய்யறது அது இல்லையே. அப்பா பஸ் ஓட்டறாருன்னா பஸ்ஸைக் காட்டலாம். உன்னோடதுல எதைக் காட்டறது? நீ செஞ்சதுன்னு எது தெரியுது?"

"சரியா இருந்தா தெரியாதுடி. தப்பா இருந்தாதான் கண்ணுல படும்."

"அப்போ சரியா செஞ்சா யாருமே சபாஷ் சொல்ல மாட்டாங்களா?"

பளபளா தட்டைக் கழுவப் போனாள். இருபது வருடத்தில் யாரும் சொன்னதில்லை என்பதுதான் உண்மை. மழைச் சாலையைப் பார்த்து 'அப்பா, என்ன மழை!' என்பார்கள். காரைப் பார்த்து 'என்ன கார்!' என்பார்கள். அதில் தெரிந்த வெளிச்சத்தைச் செய்தது யார் என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை. அது அவளுக்கு வருத்தமாக இருந்ததில்லை. ஏன், அதுதான் அவளுடைய பெருமை. ஆனால் பெற்ற மகளுக்குக் காட்ட ஒன்றுமில்லையே. குடும்ப நாளுக்கு மகள் வருவாள். அன்றைக்குக் கண்ணாடி கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

முதலில் தரையை முடித்தாள். தரைக்குத் தொழிலில் ஒரு சுருக்கு வழி உண்டு. திரையில் ஏற்கெனவே வரைந்திருக்கும் படத்தையே தரை கடன் வாங்கிக்கொள்ளும். நாற்காலி திரையில் இருந்தால் தரையிலும் அதன் பிம்பம் விழும். ஆனால் திரைக்கு வெளியே இருப்பதைத் தரை எங்கே போய்த் தேடும்? பார்வையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், விளிம்பில் இருக்கும் பிம்பமெல்லாம் பாதியில் அறுந்து தொங்கும். அந்த இடங்களுக்காக அவள் கடையின் நாலு மூலையிலிருந்தும் முன்கூட்டியே படம் எடுத்து வைத்தாள். திரையில் கிடைக்காததைத் தரை அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் ஒட்டுப் போட்ட தையல் தெரியாமலிருக்கத்தான் அவள் அதிகமாகப் பாடுபட்டாள். அதோடு தரைக்கு முழுக் கண்ணாடி மினுக்கம் கூடாது. நாற்காலிக் கால் தரையைத் தொடுகிற இடத்தில் பிம்பம் கூர்மையாகவும், மேலே போகப்போக மங்கியும் தெரிய வேண்டும். நிஜத் தரை அப்படித்தான் இருக்கிறது. நாம்தான் குனிந்து பார்ப்பதில்லை.

பிறகு கைக்கண்ணாடி. எதற்கு மூன்று அறையை வரைய வேண்டும் என்று யோசித்தாள். திரையில் பார்த்தால் கைக்கண்ணாடி ஒரு சின்னத் தட்டளவுதான். அந்தத் தட்டுக்குள் விழுவதை மட்டும் வரைந்தால் போதாதா? அதற்குள் விழுவது ஒரு பின்மண்டை, இரண்டு காது, போர்த்தியிருக்கும் துணியின் கழுத்துப்பட்டை, கொஞ்சம் தோள். தலைக்கு அப்பால் மறுபடியும் அதே சுவர்க் கண்ணாடி, அதற்குள் மறுபடியும் கைக்கண்ணாடி, அதற்குள் மறுபடியும் என்று அனுமார் வால்போல் நீளும். அதை அங்கேயே வெட்டிவிட்டு, முன்பே எடுத்து வைத்த படத்தை மங்கலாக ஒட்டிவிட்டாள். தலையும் காதும் மட்டும் உயிரோடு இருந்தன. சாதாரண மெஷினில் போட்டுப் பார்த்தாள். திக்கவில்லை, திணறவில்லை. தண்ணீர்போல் ஓடியது.

யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தாள். அவள் கொண்டாடுவது அப்படித்தான்.

குடும்ப நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சோதனை செய்கிற பெண் ஒரு பிழையைப் பதிவு செய்தாள். அவளுக்கு 'குத்தம்' என்று பெயர். நாளெல்லாம் விளையாடி எங்கே குற்றம் என்று கண்டுபிடிப்பதே அவள் உத்தியோகம்; கெட்டிக்காரி. கைக்கண்ணாடியில் பார்க்கும்போது கழுத்துப்பட்டையில் இருக்கும் கடைப் பெயர் நேராகத் தெரிகிறது, கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தானே தெரிய வேண்டும் என்பது அவள் கேள்வி. பளபளா கீழே பதில் எழுதினாள்: 'ஒரு கண்ணாடி திருப்பும். இரண்டாவது கண்ணாடி, திருப்பியதை மறுபடி திருப்பும். நேராகத் தெரிவதே சரி.' எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் அலுவலகம் கல்யாண வீடுபோல் இருந்தது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, முதுகில் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில். மகள் வந்தாள். கூடவே அந்தத் தங்கமான தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தோழி பளபளாவைப் பார்த்ததும் காது சிவந்து நெளிந்தாள். பளபளாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

முதல் ஆளாக மகளே உட்கார்ந்தாள். பெரிய திரையில் கடை விரிந்தது. வேலைக்கு நேர்காணல் போகிற ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்து, பின்பக்கம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்றான். மகள் சீப்பும் கத்தரிக்கோலுமாக இறங்கினாள். பரவாயில்லாமல் வெட்டினாள். வலது காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு திட்டு அடர்த்தியாக நின்றுவிட்டது. பார்வை மாறியது. கைக்கண்ணாடி பின்னால் வந்தது.

"ஐயோ, இடது பக்கம் விட்டுட்டேனே," என்றாள் மகள்.

எழுந்து போய் இடது பக்கத்தைக் குறைத்தாள். திரும்ப வந்து பார்த்தாள். திட்டு அப்படியே இருந்தது. போதாததற்கு வலது பக்கம் பள்ளம் விழுந்ததுபோல் தெரிந்தது. மறுபடி போய் இடது பக்கத்தில் இன்னும் எடுத்தாள். மூன்றாவது முறை அந்த இளைஞனின் தலை எலி கொறித்த தேங்காய்போல் ஆகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒரு பக்கம் வெட்டினா இன்னொரு பக்கம் போகுது. அம்மா, இந்தக் கண்ணாடி சரியில்ல."

வாய்ப்பூட்டு. பளபளா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்? அதுவும் இந்தப் பிள்ளையின் கையாலா? இருபது வருடத்தில் முதல் முறையாக அவளுக்கு அவள் கணக்கின்மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்தில் பெரியவர் பெருமூச்சு விட்டார்.

"சரிக்கா. ஆவியைப் போட்டுருவோம்."

அப்போதுதான் அவள் திரையைச் சரியாகப் பார்த்தாள். கைக்கண்ணாடிக்குள் கழுத்துப்பட்டை தெரிந்தது. அதில் கடைப் பெயர் இடவலம் மாறிக் கிடந்தது. நேற்று நேராக இருந்த எழுத்து.

வாய்ப்பூட்டு உடைந்தது. "இதுல யாரு கை வெச்சது?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "நான்தான்க்கா. காலையில வந்ததும் குத்தம் எழுதியிருந்ததைப் பாத்தேன். கண்ணாடின்னா எழுத்து திரும்பணும்ல? சின்ன விஷயம்தானேன்னு ஒரே ஒரு வரி போட்டுத் திருப்பிவிட்டேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"கீழ நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

"கீழயும் இருந்துச்சா?"

அவள் கைப்பையைத் திறந்து சின்னக் கண்ணாடியை எடுத்தாள். "தம்பி, வாங்க என்னோட," என்றாள். கோபம் வந்தால்தான் பெரியவர் அவளுக்குத் தம்பியாவார். குத்தத்தையும் கூப்பிட்டாள். கூப்பிடாமலே பாதி அலுவலகம் பின்னால் போனது. கை கழுவும் இடத்தில் இருந்த கண்ணாடி பெரியவரின் மார்பளவுதான். அவர் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அவள் அவருக்குப் பின்னால் போய், முதுகு எழுத்து அதில் விழும்படி சற்று ஓரமாகத் தன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள்.

"எதிர்ல பாருங்க. முதுகுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

தன் நிறுவனத்தின் பெயரைத் தன் முதுகிலேயே அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"நேரா தெரியுது," என்றார் மெல்ல.

குத்தம் எட்டிப் பார்த்தாள். தன் முதுகையும் ஒரு முறை திருப்பிக் காட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதையும் தானே பார்த்தால்தான் நம்பிக்கை. அது நல்ல குணம்தான். "சரிதான்க்கா," என்றாள். "எல்லாரும் தினமும் கண்ணாடி பாக்கறோம். இது தெரியலையே."

"பின்மண்டையை யாரு தினமும் பாக்கறா?" என்றாள் பளபளா. அவள் கோபம் அதோடு தீர்ந்தது. பெரியவர் நிமிர்ந்தார், விளக்கில் இடித்துக்கொண்டார், ஆனால் நெற்றியைத் தடவவில்லை.

அந்த ஒரு வரியை அவரே போய் நீக்கினார். மகள் மறுபடி உட்கார்ந்தாள். அதே இளைஞன், புது முடியோடு வந்து உட்கார்ந்தான். மறுபடி வாய்ப்பூட்டு.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. வெட்டி முடித்தாள். பார்வை மாறியது. எதிர்க் கண்ணாடியில் முகம், அதன் பின்னால் வெள்ளைச் சட்டைக் கை, கையில் வட்டக் கண்ணாடி. அவள் அந்த வட்டத்தை மெதுவாக இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்குமாக நகர்த்தினாள். பிம்பமும் வழுக்கிக்கொண்டே கூட வந்தது. வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்னத் திட்டு.

மகள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். அவள் வலக்கை தானாக மேலே போயிற்று. தன் வலது காதுக்குப் பின்னால், கழுத்தோரம், முடியைத் தடவிப் பார்த்தாள்.

தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. கண் திரையைவிட்டு அகலவில்லை. விரல் மட்டும் தன் தலையில் இல்லாத திட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

பளபளா சுவரில் சாய்ந்துகொண்டாள். இதற்குமேல் எவன் வந்து என்ன சபாஷ் சொல்ல வேண்டும்? திரைக்குள் இருக்கிற யாரோ ஒருவனின் தலையைத் தன் பெண் தன் தலையில் தேடுகிறாள். கணக்கு சரி. இருபது வருடக் கணக்கும் சரி. பெருமை அவள் முகத்திலேயே தெரிந்தது, அதை மறைக்க அவள் முயலவும் இல்லை.

பெரியவரும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். குனிந்து அவள் காதருகே, "ஆவி வேண்டாம்க்கா," என்றார். "அந்தப் பேச்சே இனி வேண்டாம்."

மகள் எழுந்து போய் வலது பக்கத்தைச் சீராக்கினாள். இளைஞன் திருப்தியாகக் கிளம்பிப் போனான். அடுத்து தோழி உட்கார்ந்தாள். முடியை வெட்டி, கைக்கண்ணாடி வந்ததும் அவள் கையும் கழுத்துக்குப் போயிற்று. "எனக்கும் பின்னாடி இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடி ஒன்று இருப்பதே அவள் நினைவில் இல்லை.

மகளுக்குப் பொறுக்கவில்லை. தோழியின் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிப் பார்வையைக் கீழே திருப்பினாள். கழுவிவிட்ட தரை. அதில் நாற்காலிக் கால்கள், உதிர்ந்த முடி, ஜன்னல் வெளிச்சம், மேலே போகப்போக மங்கிக்கொண்டு வாசல் கதவு.

"கீழ பாருடி. தரையைப் பாரு."

"பாத்தேன். தரைதானே? பளபளன்னு இருக்கு."

"எங்கம்மா," என்றாள் மகள், அறை முழுக்கக் கேட்கும்படி.